கை மொழியில் இடமும் வலமும்

கையால் பேசுவோர்க்கு இடம், வலம் என்பவற்றை உணர்த்துவது மிக எளிது என்றே நாம் எண்ணுவோம். வலப்பக்கம் இருப்பதை வலப்பக்கம் காட்டினால் போதுமன்றோ? அவ்வெண்ணம் முற்றும் சரியன்று என்பதை மத்திய அமெரிக்க நாடாகிய நிக்கராகுவாவின் வரலாறு புலப்படுத்துகிறது.

1970ஆம் ஆண்டுகள் வரை அந்நாட்டில் செவி கேளாதவர்க்கெனப் பொதுவான சைகை மொழி இருந்ததில்லை. அவரவர் வீட்டில் வழங்கிய சில சைகைகளே அவர்க்குத் துணை. 1977இல் தலைநகர் மனாகுவாவில் சிறப்புப் பள்ளியொன்று விரிவடைந்தது; 1980இல் தொழிற்பள்ளியும் தோன்றியது. உதட்டசைவைப் பார்த்து ஸ்பானிய மொழி கற்பதே பள்ளியின் முறை. 1880இல் மிலான் மாநாடு சைகையை ஒதுக்கி வாய்ப்பேச்சை உயர்த்தியதன் நிழல் அது. அம்முறை பெரும்பயன் தரவில்லை. ஆயினும் ஆடுகளத்திலும் பேருந்திலும் பிள்ளைகள் தம் வீட்டுச் சைகைகளைக் கலந்து பேசினர், புதுமொழி பிறந்தது. 1986இல் அமெரிக்க மொழியியலார் ஜூடி கெகல் அங்குச் சென்று அதனை ஆராயத் தொடங்கினார்.

இருவர் எதிரெதிர் நின்று பேசுங்கால் ஒருவரின் வலம் மற்றவர்க்கு இடம். யார் நோக்கில் கொள்வது? சைகை மொழிகள் பலவற்றில், சொல்பவர் தம் நோக்கிலேயே காட்டுவார். காண்பவர் அதனை மனத்துள் திருப்பிக் கொள்வார். இது கைக்கு இயல்பாக வாய்த்ததன்று. பலர் கூடி வகுத்த மரபு. நிக்கராகுவாவில் முதலில் வந்த மாணவரிடம் இம்மரபு நிலைபெறவில்லை. பின்னர்ச் சிறு வயதிலேயே வந்து சேர்ந்தவர்களே அதனை நிலைநாட்டினர்.

ஜென்னி பையர்ஸ், ஆன் செங்காஸ் முதலியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பூட்டுவது. சிறு அறையின் மூலையொன்றில் பொருளை மறைத்து, ஒருவரின் கண்ணைக் கட்டிச் சுழற்றிவிட்டுத் தேடச் செய்தனர். வயதிலும் பட்டறிவிலும் மூத்த முதல் தலைமுறையினரைவிடப் பின்வந்தோரே நன்கு கண்டறிந்தனர். இடத்தைச் சீராகச் சொல்லும் மொழி, இடத்தை நினைவில் நிறுத்தவும் துணைபுரிகிறது என்பது ஆய்வாளர் முடிவு.

எனவே, இளமையில் மொழியை மறுப்பது சொற்களை மட்டும் மறுப்பதன்று. ஆசிரியர் பயனற்றதென ஒதுக்கிய கையசைவினின்றே அப்பிள்ளைகள் இலக்கணம் படைத்தனர். மாணவரின் வாயை நோக்கும் நாம் அவர் கையையும் நோக்குதல் நன்று.