ஒரு மலைப்பாதை, இரண்டு திசைகள்

பிரான்ஸ் மேப்பை எடுத்துக்குங்க. அடியில், வலது கைப்பக்க மூலை. பிரனீஸ் மலைத்தொடர் அட்லாண்டிக்கில் ஆரம்பிச்சு மத்தியதரைக் கடலில் வந்து முடியுற இடம் இதுதான். முடியுற மலைக்கு அல்பேரான்னு பேர். நேரா தண்ணிக்குள்ள இறங்குற மலை. அதனால கரை பூராவும் கரும்பாறை, செங்குத்துச் சரிவு, நடுநடுவே சின்னச் சின்ன குடா. சரிவுகளில் படிப்படியா கல் அடுக்கி, அதுக்கு மேல திராட்சைத் தோட்டம். கொலியூர், போர்வாந்த்ர், பன்யூல்ஸ், செர்பேர்னு வரிசையா நாலு ஊர். செர்பேர் தாண்டினா எல்லை. அந்தப் பக்கம் ஸ்பெயினின் முதல் ஊர் போர்ட்போ.

மலை நடை போறவங்களுக்கு இது ரொம்பப் பரிச்சயமான இடம். அட்லாண்டிக் கரையிலிருந்து சுமார் 900 கிலோமீட்டர் வர்ற ஜி.ஆர்.10 பாதை பன்யூல்ஸில்தான் முடியுது. கடலை ஒட்டியே போற கரையோரப் பாதை ஒண்ணு இருக்கு. பன்யூல்ஸிலிருந்து மலையேறி போர்ட்போவில் இறங்குற பாதை இன்னொண்ணு. பயண இணையதளங்களில் காட்சி, காத்து, ஒயின் பத்தியெல்லாம் நிறைய எழுதியிருப்பாங்க. இந்தப் பதிவு அந்த மலைப்பாதையில் முன்னாடி நடந்தவங்களைப் பத்தி.

பாதை எப்படி வந்தது?

1659 வரைக்கும் இங்கே எல்லையே கிடையாது. மலைக்கு ரெண்டு பக்கமும் கத்தலான் பேசுற ஒரே ஜனங்க. அந்த வருஷம் பிரான்ஸும் ஸ்பெயினும் பிரனீஸ் ஒப்பந்தம் போட்டு, மலை முகட்டை எல்லைன்னு முடிவு பண்ணாங்க. மாமன் வீடு ஒரு தேசம், மச்சான் வீடு இன்னொரு தேசம்னு ஆயிடுச்சு.

எல்லைன்னு ஒண்ணு வந்தா வரி வரும், வரி வந்தா கடத்தல் வரும். கடத்தல்காரங்களைப் பிடிக்க சுங்கக் காவலர்கள் கடலோரமா ரோந்து போனாங்க. இன்னிக்கு நாம நடக்குற கரையோரப் பாதை அவங்க தேய்ச்சது. அதனாலதான் பிரான்ஸில் இந்த மாதிரி பாதைகளுக்கு 'சுங்கக்காரர் பாதை'ன்னே பேர். கடத்தல்காரங்க ரோந்துக் கண்ணில் படாம மலை மடிப்புக்குள்ள புகுந்து போனாங்க. மலைப்பாதை அவங்க தேய்ச்சது. பிடிக்க ஒரு பாதை, தப்பிக்க ஒரு பாதை!

1939: தெற்கிலிருந்து வடக்கே

ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் 1939 ஜனவரி 26ஆம் தேதி பார்சிலோனா ஃபிராங்கோ படையிடம் விழுந்தது. கத்தலோனியாவே வடக்கு நோக்கி நகர ஆரம்பிச்சது. பிரான்ஸ் முதலில் கதவைச் சாத்தி வைச்சிருந்து, 28ஆம் தேதி பொதுமக்களுக்கும் பிப்ரவரி 5ஆம் தேதி குடியரசுப் படைவீரர்களுக்கும் திறந்து விட்டது. ரெண்டு மூணு வாரத்தில் சுமார் 4,75,000 பேர் எல்லை தாண்டினதா கணக்கு. நடுக் குளிர்காலம். கையில் குழந்தை, தலையில் மூட்டை. பெரிய சாலைகள் நிரம்பி வழிஞ்சதால, செர்பேர் வழியாவும் பன்யூல்ஸ் கணவாய் வழியாவும் ஒத்தையடிப் பாதைகளிலும் வந்திருக்காங்க.

வந்தவங்களுக்கு கிடைச்சது ஆர்ஜலேஸ் கடற்கரை. வெறும் மணல், சுத்தி முள்வேலி. கொட்டகை கூட இல்லாம, மணலைத் தோண்டி அந்தக் குழிக்குள்ள படுத்திருக்காங்க. இன்னிக்கு அதே கடற்கரையில் கோடை விடுமுறைக் கூட்டம் அலைமோதுது.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தர் ஸ்பானியக் கவிஞர் அந்தோனியோ மச்சாதோ. வயசான தாயாரையும் கூட்டிக்கிட்டு போர்ட்போ பக்கமா எல்லை தாண்டி கொலியூர் வந்து சேர்ந்தார். வர்ற வழியில் அவரோட காகிதங்கள் இருந்த பெட்டி காணாமப் போச்சு. பிப்ரவரி 22ஆம் தேதி இறந்துட்டார். மூணு நாள் கழிச்சு தாயாரும். கொலியூர் கல்லறையில் அவர் சமாதிக்குப் பக்கத்தில் ஒரு தபால் பெட்டி வைச்சிருக்காங்க. ஜனங்க இன்னும் அவருக்குக் கடிதம் எழுதிப் போடுறாங்க.

1940: வடக்கிலிருந்து தெற்கே

அடுத்த வருஷமே திசை மாறிடுச்சு. 1940 ஜூனில் பிரான்ஸ் ஹிட்லரிடம் சரணடைஞ்சது. ஒப்பந்தத்தின் 19வது பிரிவு, ஜெர்மனி யாரைக் கேட்டாலும் அந்த ஜெர்மானியரை பிரான்ஸ் பிடிச்சுக் கொடுக்கணும்னு சொன்னது. ஹிட்லருக்குத் தப்பி பிரான்ஸ் வந்திருந்த யூதர்கள், எழுத்தாளர்கள், இடதுசாரிகள் எல்லாரும் பொறியில் மாட்டின எலி மாதிரி ஆனாங்க. ஒரே வழி: ஸ்பெயின் தாண்டி லிஸ்பன், அங்கிருந்து கப்பல்.

அதுக்கு நாலு முத்திரை வேணும். போய்ச் சேர்ற நாட்டு விசா, போர்ச்சுகல் கடந்து போக ஒண்ணு, ஸ்பெயின் கடந்து போக ஒண்ணு, பிரான்ஸை விட்டு வெளியேற ஒண்ணு. கடைசி முத்திரையைப் போய்க் கேட்டா, நான் இங்கே இருக்கேன்னு கெஸ்டபோவுக்கு நாமளே சொன்ன மாதிரி. அதனால மத்த மூணையும் பையில் வைச்சுக்கிட்டு திருட்டுத்தனமா மலையேறினாங்க. செப்டம்பர் 13ஆம் தேதி 69 வயசு ஹைன்ரிஷ் மான் செர்பேருக்கு மேலே இருக்கும் மலையை நடந்தே தாண்டினார். அவர்களை அனுப்பி வைச்ச அமெரிக்கர் வேரியன் ஃப்ரை, அவங்க மூட்டை முடிச்சையெல்லாம் ரயிலில் எடுத்துக்கிட்டுப் போனார்.

கொஞ்ச நாளில் அந்த வழியில் காவல் இறுகிடுச்சு. இங்கேதான் லிசா ஃபிட்கோ வர்றாங்க. 31 வயசு. பெர்லினில் நாஜி எதிர்ப்பு வேலை செஞ்சு தப்பி வந்தவங்க. ஸ்பெயின் அகதிகளுக்காக 1939ல் கட்டின கூர்ஸ் முகாமில் பிரான்ஸ் இவங்களையும் 'எதிரி நாட்டவர்'னு அடைச்சு வைச்சிருந்தது. தெற்கிலிருந்து வந்தவனுக்குப் போட்ட கொட்டகை வடக்கிலிருந்து வந்தவளுக்கும் உபயோகப்பட்டிருக்கு பாருங்க.

பன்யூல்ஸ் மேயர் வேன்சான் அசேமா ஒரு சோஷலிஸ்ட். அவர்தான் லிசாவுக்கு பழைய கடத்தல் பாதையைக் காட்டிக் கொடுத்தவர். தோல்வியடைஞ்ச குடியரசுப் படையின் தளபதி லிஸ்டர் தன் ஆட்களைக் கூட்டி வந்த பாதை இதுதான்னு அதுக்கு 'லிஸ்டர் பாதை'ன்னு ஒரு பேர். அதையே தலைகீழா நடக்கணும். விடியறதுக்கு முன்னாடி கிளம்பணும், திராட்சைத் தோட்ட வேலைக்காரங்களோட கலந்து போகணும், மூட்டை கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. மேயர் சொன்ன விதிமுறை அவ்வளவுதான்.

கறுப்புப் பை

லிசா முதலில் கூட்டிப் போனது வால்டர் பெஞ்சமினை. சிறுபத்திரிகை படிக்கிறவங்களுக்குப் பேர் புதுசா இருக்காது. 48 வயசுதான், ஆனா இதய நோய். லிசா பின்னாளில் எழுதின புத்தகத்தில் அவரைப் பத்தின அத்தியாயத்துக்கு 'கிழவர் பெஞ்சமின்'னு தலைப்பு. கூடவே ஹென்னி குர்லாண்ட்ங்கிற பெண்மணியும் அவங்க டீன் ஏஜ் மகனும்.

செப்டம்பர் 25ஆம் தேதி பாதையைப் பார்த்து வைக்கலாம்னு நாலு பேரும் கொஞ்ச தூரம் ஏறினாங்க. திரும்பும்போது பெஞ்சமின் வரலைன்னுட்டார். திரும்பிப் போய் மறுபடி ஏற தன் இதயத்துக்குத் தெம்பில்லைன்னு அவருக்குத் தெரியும். ராத்திரி பூரா மலையில் தனியா கிடந்தார். மறுநாள் பத்து நிமிஷ நடை, ஒரு நிமிஷ ஓய்வுன்னு கடிகாரம் பார்த்து நடந்தார். செங்குத்தான திராட்சைத் தோட்டத்தில் மட்டும் முடியலை. லிசாவும் அந்தப் பையனும் ஆளுக்கொரு கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஏறினாங்க. மூட்டை கூடாதுன்னு சொல்லியும் ஒரு கனமான கறுப்புப் பை கொண்டு வந்திருந்தார். உள்ளே கையெழுத்துப் பிரதி, தன்னை விட அது முக்கியம்னு சொன்னாராம்.

500 மீட்டருக்கு மேல ஏறி, முகடு தாண்டி, கீழே போர்ட்போ தெரிஞ்ச இடம் வரை கொண்டு விட்டுட்டு லிசா திரும்பிட்டாங்க.

மலையை ஜெயிச்ச மனுஷன் போலீஸ் மேஜையில் தோத்தார். பிரான்ஸின் வெளியேற்ற முத்திரை இல்லாத நாடற்றவர்களை உள்ளே விடக்கூடாதுன்னு ஸ்பெயினில் புது உத்தரவு. காலையில் திருப்பி அனுப்புவோம்னு சொல்லி ஒரு விடுதியில் காவலோட தங்க வைச்சாங்க. அன்னிக்கு ராத்திரி கையிலிருந்த மார்ஃபினை விழுங்கிட்டார். இறப்புப் பதிவில் செப்டம்பர் 26ன்னு இருக்கு. கூட வந்தவங்களை அதுக்கப்புறம் போக விட்டுட்டாங்க. ஒரு நாள் முந்தியிருந்தா சிக்கலில்லாம போயிருப்பார், ஒரு நாள் பிந்தியிருந்தா வழி மூடின சேதி மார்சேயிலேயே தெரிஞ்சிருக்கும்னு அவர் தோழி ஹன்னா அரெண்ட் எழுதினாங்க.

பேரை 'பெஞ்சமின் வால்டர்'னு தலைகீழா பதிஞ்சு கத்தோலிக்கக் கல்லறையில் வைச்சாங்க. அஞ்சு வருஷ வாடகை முடிஞ்சதும் எலும்புகள் பொதுக்குழிக்குப் போச்சு. அவர் உடைமைப் பட்டியலில் தோல்பை, கடிகாரம், புகைக்குழாய், மூக்குக்கண்ணாடி, ஒரு எக்ஸ்ரே எல்லாம் இருக்கு. கையெழுத்துப் பிரதி இன்னிக்கு வரை கிடைக்கலை. மச்சாதோவோட பெட்டியும் பெஞ்சமினோட பிரதியும் தொலைஞ்ச இடங்கள் ரொம்பத் தூரமில்லை.

லிசாவும் கணவர் ஹன்ஸும் அதோட நிறுத்திடலை. ஃப்ரையோட குழுவுக்காக 1941 ஏப்ரல் வரைக்கும் வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை ஆட்களைக் கூட்டிக்கிட்டு இதே மலை ஏறி இறங்கினாங்க. அப்புறம் கியூபா, கடைசியில் சிகாகோ. லிசா 2005ல் இறந்தாங்க.

இன்னிக்கு

இப்போ அந்தப் பாதைக்கு வால்டர் பெஞ்சமின் பேர். சுமார் 15 கிலோமீட்டர், அஞ்சாறு மணி நேரம். வழியில் நிழல் கம்மி, தண்ணியும் கம்மி. திரமொந்தான்கிற வடமேற்குக் காத்து வீசுற நாளில் முகட்டில் நிக்கவே முடியாது. போர்ட்போ கல்லறைக்குப் பக்கத்தில் இஸ்ரேலியச் சிற்பி டானி கரவான் 1994ல் முடிச்ச நினைவுச்சின்னம் இருக்கு. இரும்புச் சுரங்கத்துக்குள்ள படிகள் கடலை நோக்கி இறங்கும். பாதியில் ஒரு கண்ணாடி மறிக்கும். கீழே அலை சுழலுறதைப் பார்க்கலாம், போக முடியாது.

1995ல் ஷெங்கன் வந்து எல்லைச் சோதனை போயிடுச்சு. கதை முடிஞ்சுதுன்னு நினைச்சா, 2021 ஜனவரியில் பயங்கரவாதம், சட்டவிரோதக் குடியேற்றம்னு காரணம் சொல்லி, பன்யூல்ஸ் கணவாய்ச் சாலையை பிரான்ஸ் பாறாங்கல் போட்டு மூடிச்சு. 1939ல் அகதிகள் வந்த அதே கணவாய். ரெண்டு பக்கத்து ஊர்க்காரங்களும் கூடிப் போய்ப் பாறையை உருட்டித் தள்ளினாங்க. அரசாங்கம் திரும்பப் போட்டது, இவங்க திரும்பத் தள்ளினாங்க. 2024ல் வழி திறந்தது.

அசேமாவுக்கு லிசா யாரோ. லிசாவுக்கு பெஞ்சமின் ஒரு தெரிஞ்ச முகம், அவ்வளவுதான். பாறையைத் தள்ளினவங்களுக்கு அந்தக் கணவாயில் இனிமே வரப்போறவன் யாருன்னே தெரியாது. மூணு பேரும் செஞ்சது ஒரே வேலை.