பால்பல்லும் கூரை ஓடும்

சரபங்கா நதிக்கரையிலுள்ள எடப்பாடியில் கைத்தறியின் ஓசை தெருவெல்லாம் கேட்ட காலத்தில், ஆறேழு பிராயத்துக் குழந்தைக்குக் கீழ்வரிசை முன்பல் ஆடத் தொடங்கினால், வைத்தியரைத் தேடி அலைய வேண்டிய அவசியம் நெசவாளர் வீடுகளில் இருந்ததில்லை. தார் சுற்றும் ராட்டையின் அருகே கிடக்கும் அறுந்த நூல் ஒன்றே போதும். அதன் ஒரு நுனியைப் பல்லில் முடிந்து, மறுநுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, 'அதோ பார், காக்கை!' என்று குழந்தையின் கவனத்தைத் திருப்பிய கணத்தில் வெடுக்கென்று இழுத்துவிடுவதே பாட்டிமார் கைக்கொண்ட சஸ்திர சிகிச்சை. அத்தனை சாகசத்துக்கும் உண்மையில் தேவையில்லை. அடியிலிருந்து நிரந்தரப் பல் மேலெழும்போது பால்பல்லின் வேர் தானாகவே கரைந்துவிடுவதால், சற்றுப் பொறுத்திருந்தால் அது தானே விழும். பால்பற்கள் 20-உம் இவ்வாறு ஒவ்வொன்றாக விடைபெற்று, பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்குள் புதியவற்றுக்கு இடம் கொடுத்துவிடுகின்றன.

விழுந்த பல்லைச் சாணி உருண்டைக்குள் பொதிந்து கூரைமேல் எறிவது தமிழ்நாட்டில் பரவலாக வழங்கிய சம்பிரதாயம். பல்லை வானம் பார்த்தால் புதுப்பல் முளைக்காது என்பது ஐதிகம். சாணிப் பொதிவின் காரணம் அதுவாகவே இருக்கக்கூடும். நமக்கு மட்டும் உரிய விசேஷம் இது என்று எண்ணிவிடலாகாது. ஜப்பானியரும் கீழ்ப்பல்லைக் கூரைமேலும், மேற்பல்லை வீட்டின் அடித்தளத்திலும் எறிவார்கள். பழைய பல் போன திசையிலேயே புதுப்பல் நேராக வளரவேண்டும் என்ற பிரார்த்தனை அதில் அடங்கியிருக்கிறது. கூரை என்றால் ஆதியில் ஓலையும் நாட்டு ஓடுமே; 1865-இல் பாசல் மிஷனார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவிய பிறகே தட்டையான சீமை ஓடு தென்னாட்டு வீடுகளில் ஏறத் தொடங்கிற்று. இப்போது வந்திருக்கும் கான்கிரீட் தளத்தில் பல்லை எறிந்தால், அடுத்த மழைக்கு அது குழாய் வழியே முற்றத்துக்கே திரும்பி வந்து சேரும்!

பழைய வழக்கங்களில் எல்லாம் ஒரு தர்மோபதேசத்தைக் கண்டுபிடித்தே தீர்வது சிலருடைய சுபாவம். என் அபிப்பிராயத்தில், இந்தச் சம்பிரதாயத்தில் வளர்ச்சியை வேண்டும் ஆசையைத் தவிர வேறு உபதேசம் ஒன்றுமில்லை. பல் போன பிள்ளையைப் 'பொக்கைவாய்' என்று பரிகசிக்கும் தெருப்பிள்ளைகளை அது தடுத்ததில்லை. அடுத்த மாதம் தனக்கும் அதே கதிதான் என்ற ஞானம் பரிகசிப்பவனுக்குத் தோன்றியதுமில்லை.

பல் விழுந்ததையே வியாஜமாகக்கொண்டு தயையைக் கற்பித்த புகழ்பெற்ற கதை ஒன்று ஸ்பெயின் தேசத்து அரண்மனையில் பிறந்தது. தந்தை இறந்த பின் 1886-இல் பிறந்து, பிறந்தபோதே அரசனாகிவிட்ட பதின்மூன்றாம் அல்போன்சோவுக்கு எட்டு வயதில் பல் விழுந்தபோது, அவனுக்காக ஒரு கதை எழுதித் தரும்படி லூயிஸ் கொலோமா என்னும் பாதிரியாரிடம் கேட்டுக்கொண்டது அரண்மனை. அவர் 1894-இல் எழுதிக் கொடுத்தார். தலையணைக்கடியில் பல்லை வைத்துவிட்டு விழித்திருக்கும் பாலராஜனை, பெரேஸ் என்னும் எலி தானும் ஓர் எலியாக மாற்றி, இரவோடிரவாக நகரத்தின் சந்துகள் வழியே ஓர் ஏழைச் சிறுவனின் பரண் அறைக்கு அழைத்துச் செல்கிறது. பல் இழந்திருந்த அச்சிறுவன் குளிரில் ஒடுங்கிக் கிடக்கும் கோலத்தைத் தன் கண்ணாலேயே கண்டபிறகுதான், தன்னைப்போன்ற ஒரு குழந்தை ஏன் இப்படி வாழவேண்டும் என்ற வினா அரசன் நெஞ்சில் எழுகிறது. வாழ்நாளெல்லாம் பல் வளர்ந்துகொண்டே இருக்கும் ஜந்துவான எலியைக் கதைக்குத் தேர்ந்ததும் பொருத்தமே. அந்த எலி குடியிருந்ததாகக் கதை கூறும் மாட்ரிட் நகரத்து அரெனால் வீதி எட்டாம் எண் கட்டடத்தில் 2003-இல் ஒரு நினைவுப் பலகையும் பதிக்கப்பட்டது.

தமிழில் குழந்தைகளுக்கு எழுதுவோர்க்குப் பஞ்சமில்லை. 1947-இல் அம்புலிமாமா வந்தது, 1950-இல் அழ. வள்ளியப்பா முதலானோர் முயற்சியால் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றிற்று. பல் விழுவதைக்கொண்டு தயையைக் கற்பிக்கும் கதையை எழுதக் கொலோமாவுக்கு அரண்மனை தேவைப்பட்டது. நமக்கோ தறிக்குழியும், அறுந்த நூலும், சாணி உருண்டையும், ஓட்டுக் கூரையும், பரிகசிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் போதும். எடப்பாடிப் பக்கத்தில் சித்திரம் வரையும் கைவண்ணமுடையவர் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், ஓட்டு வீடுகள் இன்னும் சில எஞ்சியிருக்கும்போதே அவற்றைப் பார்த்து வரைந்து, அத்தகைய படக்கதை ஒன்றை நம் குழந்தைகளுக்குத் தரவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.