மழலையின் முதற்சொல்

குழவியின் வாயினின்று எழும் ஒலிகளுள் எதனை முதற்சொல் எனக் கொள்வது? எகிப்தை கி. மு. 664 முதல் 610 வரை ஆண்ட சம்மெதிக்கசு மன்னன், மாந்தருள் மூத்த இனம் யாதென அறியவேண்டி, பச்சிளங் குழந்தைகள் இருவரை ஆயன் ஒருவனிடம் ஒப்புவித்தான் எனக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரொடோட்டசு எழுதியுள்ளார். அவர்கள் கேட்க எவரும் பேசலாகாது; ஆட்டுப்பாலே உணவு. ஈராண்டு கழிந்தபின் ஒருநாள் ஆயன் கதவைத் திறந்தபொழுது, இருவரும் கைகளை நீட்டி 'பெக்கொசு' என்றனர். பிரிகிய மொழியில் அஃது அப்பத்தைக் குறிக்கும் எனக் கேட்டறிந்த எகிப்தியர், பிரிகியரே தம்மினும் மூத்தோர் என ஒப்புக்கொண்டனராம். குழந்தைகள் நாள்தோறும் கேட்டது ஆட்டின் குரலையன்றோ! ஈற்றை நீக்கினால் எஞ்சுவதும் அதுவே. மன்னனோ, ஒலித்த வாயை விடுத்துப் பிறநாட்டார் மொழியிற் பொருள் தேடினான்.

சாள்ஸ் டார்வின் தேடிய இடம் வேறு. 1839இல் பிறந்த தம் மூத்த மகனைப்பற்றி அவர் எழுதிவைத்த குறிப்புகள் 1877இல் கட்டுரையாக வெளிவந்தன. சரியாக ஓராண்டு நிரம்பியபொழுது அக்குழந்தை உணவுக்கு 'மம்' என்னும் சொல்லைத் தானே ஆக்கிக்கொண்டது. அதற்குத் தூண்டியது யாதென அவர் கண்டாரல்லர். ஆயினும் அதனைச் சொல்லென்றே கொண்டார். பசித்தபொழுது அழுகையை விடுத்து அவ்வொலியையே குழந்தை வழங்கியமை அவருக்குப் போதிய சான்றாயிற்று. பின்னர் சர்க்கரை 'சு-மம்' ஆயிற்று. கறுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் கற்றபின், அதிமதுர மிட்டாய் 'பிளாக்-சு-மம்' ஆயிற்று.