மேலறைசார் மிகைத்துடிப்பு

இதயத்தின் மேலறைகளிலோ, மேலறைகளையும் கீழறைகளையும் இணைக்கும் மின்முடிச்சிலோ ஏற்படும் கோளாறால் இதயம் திடீரென்று மிக வேகமாகத் துடிக்கத் தொடங்குவது மேலறைசார் மிகைத்துடிப்பு எனப்படும். மருத்துவமனைகளில் இதை எஸ்.வி.டி. என்றே சொல்வார்கள். ஓய்வில் இருப்பவரின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிப்பது இயல்பு, எஸ்.வி.டி. வரும்போது இது பெரும்பாலும் 150 முதல் 250 வரை ஏறிவிடும். மாடிப்படி ஏறினாலும் காய்ச்சல் கண்டாலும் துடிப்பு கூடத்தான் செய்கிறது. ஆனால் அது படிப்படியாக ஏறிப் படிப்படியாகத் தணியும். எஸ்.வி.டி.யோ ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் தொடங்கி, அதேபோல் சட்டென்று நின்றுவிடும். கீழே கிடந்ததைக் குனிந்து எடுத்தபோது ஆரம்பித்தது என்று நோயாளி கணத்தைக் குறித்துச் சொன்னாலே மருத்துவரின் சந்தேகம் இதன்மேல் விழும்.

இயல்பான துடிப்பு வலது மேலறையின் உச்சியிலுள்ள சைனஸ் முடிச்சில் பிறக்கிறது. அங்கிருந்து மின்தூண்டல் மேலறைகளில் பரவி, அவற்றைக் கீழறைகளோடு இணைக்கும் ஏ.வி. முடிச்சுக்கு வந்து, சற்றே தாமதித்துக் கீழறைகளுக்கு இறங்குகிறது. ஜப்பானியரான சுனாவோ தவாரா ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஆய்வு செய்து 1906இல் இந்த ஏ.வி. முடிச்சை விவரித்தார். மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மின்சாரம் போக இந்த ஒரு வழிதான் இருக்க வேண்டும். எஸ்.வி.டி. உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்றில் இறங்கும் தூண்டல் மற்றொன்றில் ஏறி வந்து மறுபடியும் இறங்குகிறது. இந்தச் சுழல் உடையும்வரை இதயம் அதன் வேகத்துக்கே துடித்தாக வேண்டும்.

இரண்டாவது வழி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து நோயின் வகை மாறும். ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கு அது ஏ.வி. முடிச்சை ஒட்டியே இருக்கிறது: ஒரு பாதை வேகமானது, மற்றது மெதுவானது. வேகப்பாதை இன்னும் தயாராகாத நேரத்தில் முந்திவரும் ஒரு துடிப்பு மெதுப்பாதையில் இறங்கி, அதற்குள் விழித்துக்கொண்ட வேகப்பாதையில் மேலேறிவிடும். சுமார் 30 விழுக்காட்டினருக்கு, கருவில் மறைந்திருக்க வேண்டிய தசையிழை ஒன்று எஞ்சி நின்று மேலறையையும் கீழறையையும் தனியாக இணைக்கிறது. இந்த இழை ஈசிஜியில் வெளிப்பட்டு, படபடப்பும் இருந்தால் அது உல்ஃப்-பார்க்கின்சன்-வைட் நோய்க்குறி. பாஸ்டனைச் சேர்ந்த லூயி உல்ஃப், பால் டட்லி வைட் இருவரும், லண்டனின் ஜான் பார்க்கின்சனும் 1930இல் 11 நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரையால் அமைந்த பெயர் இது. மீதமுள்ள சுமார் 10 விழுக்காட்டில், மேலறையின் ஏதோ ஒரு புள்ளி தானாகவே வேகமாகத் தூண்டல்களை அனுப்புகிறது. மேலறை நடுக்கம், கீழறை மிகைத்துடிப்பு ஆகியவை வேறு நோய்கள். அவற்றின் ஆபத்தும் மருத்துவமும் வேறு.

ஆயிரம் பேரில் இரண்டு அல்லது மூன்று பேருக்கு எஸ்.வி.டி. இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இருமடங்கு வாய்ப்பு. இதயத்தில் வேறெந்தக் குறையும் இல்லாதவர்களே இவர்களில் அதிகம். எக்கோவும் ரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருக்கும். நோய் பிடிபடாமல் ஆண்டுக்கணக்கில் நீள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

நெஞ்சுப் படபடப்பு, மூச்சு வாங்குதல், தலைசுற்றல், நெஞ்சில் இறுக்கம் ஆகியவை பொதுவான அறிகுறிகள். இவை பல நோய்களுக்கும் உரியவை. எஸ்.வி.டி.யைக் காட்டிக்கொடுப்பவை வேறு இரண்டு. ஒன்று, கழுத்தில் விடாமல் அடிக்கும் துடிப்பு: மேலறையும் கீழறையும் ஒரே நேரத்தில் சுருங்குவதால் ரத்தம் கழுத்துச் சிரைகளுக்குத் திருப்பி எறியப்படுகிறது. மற்றது, துடிப்பு நீண்ட நேரம் நீடிக்கும்போதோ நின்ற பின்னரோ அதிக அளவில் சிறுநீர் பிரிவது. மேலறைச் சுவர் விரிவதால் சுரக்கும் ஒரு ஹார்மோன் இதற்குக் காரணம். நோயாளிகள் இதைத் தாமாகச் சொல்வதில்லை, கேட்டால்தான் சொல்வார்கள்.

மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் துடிப்பு நின்றுவிட்டால் ஈசிஜி பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். அப்புறம் கிடைக்கும் பெயர் பதற்றம், நரம்புத் தளர்ச்சி, தமிழ்நாட்டில் அதற்கும் முன்னால் வாயு. சோடாவோ குளிர்ந்த தண்ணீரோ குடித்ததும், ஏப்பம் விட்டதும் படபடப்பு நின்றுபோனால் வாயு என்ற முடிவு உறுதிப்பட்டுவிடும். உண்மையில் விழுங்குதலும் ஏப்பமும் இதயத்துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பைத் தூண்டிச் சுழலை உடைத்திருக்கலாம். அமெரிக்காவில் 107 நோயாளிகளை ஆராய்ந்து 1997இல் வெளியான ஆய்வில், மூன்றில் இரண்டு பங்கினரின் அறிகுறிகள் பீதிக் கோளாறின் வரையறைக்குப் பொருந்தின. முதல் பரிசோதனையில் பாதிக்கு மேற்பட்டவர்களின் எஸ்.வி.டி. கண்டுபிடிக்கப்படவில்லை. இதயம் நிமிடத்துக்கு 200 முறை அடிக்கும்போது பயம் வராமல் இருக்காது. அந்தப் பயத்தையே நோய் என்று எடுத்துக்கொண்டதில்தான் பிழை.

நோயை உறுதிசெய்ய, துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஈசிஜி எடுத்தாக வேண்டும். அடிக்கடி வருபவர்களுக்கு 24 அல்லது 48 மணி நேர ஹோல்டர் கருவி உதவும். மாதத்துக்கு ஒருமுறை வருபவருக்கு ஒரு நாள் ஹோல்டர் மாட்டுவதில் பயன் குறைவு. வாரக்கணக்கில் அணியும் பதிவுக் கருவிகள் ஏற்றவை. கைக்கடிகாரங்களில் வரும் ஈசிஜி ஒற்றைத் தடப் பதிவுதான் என்றாலும், பல நேரங்களில் சந்தேகத்தைத் தீர்க்க அது போதுமானது. எந்தப் பதிவானாலும் நகலை நோயாளி தன்னிடம் வைத்திருப்பது நல்லது. அடுத்த முறை புதிய மருத்துவரிடம் போக நேர்ந்தால் அந்தத் தாள் பல கேள்விகளை மிச்சப்படுத்தும். தைராய்டு மிகைச்சுரப்பு, ரத்தசோகை இரண்டும் இல்லை என்பதையும் இந்தக் கட்டத்தில் பார்த்துவிடுவார்கள்.

எஸ்.வி.டி. பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை. உல்ஃப்-பார்க்கின்சன்-வைட் நோய்க்குறி இதற்கு விலக்கு. அது உள்ளவர்களுக்கு மேலறை நடுக்கமும் வந்தால், ஏ.வி. முடிச்சின் தடை இல்லாமல் தூண்டல்கள் கூடுதல் இழை வழியாகக் கீழறைக்குப் பாய்ந்து உயிருக்கு ஆபத்தாகலாம். அந்த நிலையில் வெரபாமில், டிகாக்சின் போன்ற மருந்துகளும் தீங்கு செய்யும். வாரக்கணக்கில் நிற்காமல் ஓடும் அரிய வகைகள் இதயத் தசையைப் பலவீனப்படுத்துவதுண்டு. துடிப்பின்போது மயங்கி விழுந்தவர், நெஞ்சுவலியோ கடும் மூச்சிரைப்போ கண்டவர் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

துடிப்பை வீட்டிலேயே நிறுத்த முயலும் முறைகள் வேகஸ் நரம்பைச் சார்ந்தவை. மூச்சை அடக்கி முக்குவது பழைய முறை. இங்கிலாந்தில் 428 பேரிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வு அதைச் சற்று மாற்றியது. நோயாளி சாய்ந்து உட்கார்ந்து 15 நொடி முக்கி ஊதுவார். பிறகு உடனே அவரை மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்கள் இரண்டையும் 45 பாகைக்குத் தூக்கி 15 நொடி பிடிப்பார்கள். சும்மா முக்கியவர்களில் 17 விழுக்காட்டினருக்கும், காலைத் தூக்கியவர்களில் 43 விழுக்காட்டினருக்கும் துடிப்பு இயல்பானது. எவ்வளவு அழுத்தி ஊதுவது என்பதற்கு எளிய அளவுகோல் உண்டு. 10 மில்லி ஊசிக்குழலின் வாயில் ஊதி உள்ளிருக்கும் தண்டை லேசாக நகர்த்தினால் போதும். முதல்முறை இதை மருத்துவர் முன்னிலையில் செய்து பழகிக்கொள்வதே முறை. கண்ணை அழுத்துவது ஒருகாலத்தில் இருந்த வழக்கம்; விழித்திரைக்குக் கேடு என்பதால் கைவிடப்பட்டது. கழுத்துத் தமனியைத் தேய்ப்பதை மருத்துவரே செய்ய வேண்டும். முதியவர்களுக்கு அது பக்கவாதத்தில் முடியலாம்.

இந்த முறைகளால் துடிப்பு நிற்காவிட்டால் மருத்துவமனையில் அடினோசின் என்னும் மருந்தை ஊசியாகப் போடுவார்கள். முழங்கை மடிப்பிலுள்ள பெரிய சிரையில் 6 மில்லிகிராம் வேகமாகச் செலுத்தி, பின்னாலேயே சலைன் தள்ளுவார்கள். ரத்தத்தில் அதன் ஆயுள் சில நொடிகள்தான். ஆனால் அந்த நொடிகளில் நெஞ்சு இறுகி, உயிர் போவதுபோல் இருக்கும். திரையில் ஈசிஜி கோடு சற்று நேரம் தட்டையாக ஓடி, பிறகு இயல்பான துடிப்பு எழும். இப்படி ஆகும் என்று முன்கூட்டியே சொல்லாமல் ஊசி போடுவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இதில் எச்சரிக்கை தேவை. இழுப்புக்காகத் தியோஃபிலின் சேர்ந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், சற்று முன் காபி குடித்தவர்களுக்கும் அடினோசின் சரியாக வேலை செய்யாமல் போகலாம். ரத்த அழுத்தம் விழுந்துவிட்டால் மின்னதிர்ச்சி கொடுத்தே துடிப்பைச் சீராக்க வேண்டும்.

துடிப்பு வராத நாட்களே இந்த நோயில் அதிகம். எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பதுதான் அந்த நாட்களைக் கெடுக்கிறது. தனியாகப் பயணம் போகாமல், உடற்பயிற்சியை விட்டு, கூட்டங்களைத் தவிர்த்து வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்பவர்கள் உண்டு. தூக்கமின்மை, மது, மூக்கடைப்புக்கான சில மாத்திரைகள் போன்றவை சிலருக்குத் துடிப்பைத் தூண்டும். காபி எல்லோருக்கும் ஆகாது என்பதில்லை. யாருக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ அவர் விட்டால் போதும். வண்டி ஓட்டும்போது தொடங்கினால் ஓரமாக நிறுத்திவிட வேண்டும். நாள், நேரம், நீடித்த நிமிடங்கள், அப்போது செய்துகொண்டிருந்த வேலை ஆகியவற்றைக் குறித்து வைத்தால், சிகிச்சையை முடிவு செய்யும்போது அந்தக் குறிப்பு மிகவும் பயன்படும்.

நீண்டகாலச் சிகிச்சைக்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, சும்மா விடுவது: ஆண்டுக்கு ஓரிரு முறை வந்து, முக்கியதும் நின்றுவிடும் துடிப்புக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஏற்கத்தக்க முடிவுதான். இரண்டாவது, மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா தடுப்பி மாத்திரை, அல்லது வெரபாமில், டில்டியாசம். இவை தாக்குதல்களைக் குறைக்கும், நோயை எடுத்துவிடாது. சோர்வும் குறைந்த ரத்த அழுத்தமும் பீட்டா தடுப்பியில் வரும் தொல்லைகள், வெரபாமிலில் மலச்சிக்கல். இளம் வயதினர் ஒருவர் முப்பது, நாற்பது ஆண்டுகள் தினமும் மாத்திரை போட வேண்டியிருக்கும் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

மூன்றாவது அப்லேஷன், அதாவது தவறான பாதையை எரித்து அடைப்பது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வில் சீலி 1968இல் ஒரு மீனவரின் நெஞ்சைத் திறந்து கூடுதல் இழையை வெட்டியது இதன் முன்னோடி. கதீட்டர் என்னும் மெல்லிய குழாய் வழியாக எரிப்பது 1980களில் தொடங்கியது. முதலில் கொடுத்தது நேர்மின்னோட்ட அதிர்ச்சி. அதன் சேதத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை. அடுத்து வந்த ரேடியோ அலைவரிசை மின்சாரம் சில மில்லிமீட்டர் அளவுக்கே திசுவைச் சுட்டதால், 1990களில் அப்லேஷன் எங்கும் பரவியது.

ஆஞ்சியோ போலவே இதுவும் ஊசித்துளை வழியாகச் செய்யப்படுவதால் பலர் இரண்டையும் ஒன்றாக எண்ணுகிறார்கள். ஆஞ்சியோவில் பார்ப்பது ரத்தக்குழாய் அடைப்பை. இங்கே தேடுவது மின்பாதையை. தொடை மடிப்பிலுள்ள சிரை வழியாக மெல்லிய கதீட்டர்களை இதயத்துக்குள் செலுத்தி, துடிப்பை வேண்டுமென்றே தூண்டிவிடுவார்கள். மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டிருந்தால் நோயாளிக்குத் தன் பழகிய படபடப்பு அப்போது தெரியும். பாதையைக் கண்டறிந்ததும் அந்த இடத்தைச் சுட்டு, மறுபடி தூண்டிப் பார்ப்பார்கள். துடிப்பு கிளம்பாவிட்டால் வேலை முடிந்தது. சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருந்துவிட்டு, பெரும்பாலானோர் மறுநாள் வீடு திரும்பலாம்.

ஏ.வி. முடிச்சை ஒட்டிய வகையில் வெற்றி 95 விழுக்காட்டுக்கு மேல். மெதுப்பாதை அந்த முடிச்சிலிருந்து சில மில்லிமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. சூடு அங்கே எட்டிவிட்டால் நிரந்தரமாகப் பேஸ்மேக்கர் தேவைப்படும். நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே இது நேர்கிறது. இந்த அச்சம் கூடுதலாக உள்ள இடங்களில் சுடுவதற்குப் பதில் உறையவைக்கும் முறை உண்டு. அதில் முடிச்சுக்குப் பாதுகாப்பு அதிகம், துடிப்பு திரும்பி வரும் வாய்ப்பும் அதிகம். தொடையில் ரத்தக்கட்டு அவ்வப்போது வரும். இதயத்தைச் சுற்றி ரத்தம் கசிவது அரிது. கூடுதல் இழை இடப்பக்கம் இருந்தால் இரு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரைத் துளைத்தோ தமனி வழியாகவோ போக வேண்டியிருப்பதால் ஆபத்து சற்றுக் கூடும்.

திரும்பத் திரும்ப வரும் எஸ்.வி.டி.க்கு அப்லேஷனை முதல் தேர்வாகவே முன்வைக்கலாம் என்று ஐரோப்பிய இதயவியல் கழகம் 2019இல் பரிந்துரைத்தது. இருந்தாலும் உயிருக்கு ஆபத்தில்லாத நோய்க்குச் செய்யும் சிகிச்சை இது என்பதால், எண்களைவிட நோயாளியின் வாழ்க்கையே முடிவைத் தீர்மானிக்கிறது. பேருந்து ஓட்டுபவர், உயரத்தில் நின்று வேலை செய்பவர், தாக்குதலுக்கு அஞ்சி வெளியே போகாதவர் ஆகியோருக்குத் தள்ளிப்போடுவதில் லாபமில்லை. கருத்தரிக்க எண்ணும் பெண்ணுக்கு அதற்கு முன்பே செய்துகொள்வது நல்லது. கர்ப்பகாலத்தில் தாக்குதல்கள் கூடலாம், மாத்திரைகளையும் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கு வரும் எஸ்.வி.டி. பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே மறைந்துவிடுவதால் அங்கே மருந்துடன் காத்திருப்பார்கள். அறிகுறியே இல்லாமல் ஈசிஜியில் மட்டும் கூடுதல் இழை தெரிபவருக்கு, அந்த இழை எவ்வளவு வேகத்தில் கடத்துகிறது என்று சோதித்த பிறகே எதையும் சொல்ல முடியும்.

அப்லேஷனுக்குப் பின் சில வாரங்கள் இதயம் இடையிடையே ஒரு துடிப்பைத் தவறவிடுவதுபோலவும், துடிப்பு தொடங்கப்போவதுபோலவும் தோன்றும். தனித்தனியாக வரும் முந்துதுடிப்புகள் இவை. சுழலும் பாதை அடைபட்டுவிட்டதால் தாக்குதலாக மாறுவதில்லை. பழைய மாதிரியே சட்டென்று தொடங்கி நிமிடக்கணக்கில் ஓடினால் மட்டும் ஈசிஜி எடுக்க வேண்டும். நோய் திரும்பியது உறுதியானால் இரண்டாவது முறை செய்வதற்குத் தடையில்லை.