ஷப்பரல்: காற்றைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்த அமெரிக்க அணி

நேரான பாதையில் விரைந்து ஓடுவதற்கு இயந்திரத்தின் வலு வேண்டும். வளைவில் வேகம் குறையாமல் திரும்புவதற்கு சில்லுகள் தரையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடியைக் காற்றிடமிருந்தே பெறலாம் எனக் காட்டியது, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மிட்லண்ட் நகரில் இயங்கிய ஷப்பரல் அணி.

எண்ணெய்த் தொழிலுடன் தொடர்புடைய பந்தய ஓட்டுநர்களான ஜிம் ஹோலும் ஹப் ஷார்ப்பும் 1962இல் இதனை ஆரம்பித்தனர். பறப்பதைவிட ஓடுவதையே விரும்பும் டெக்சாஸ் பறவையொன்றின் பெயரையே அணிக்குச் சூட்டினர். பட்டறைக்கு அருகிலேயே சொந்தப் பரீட்சார்த்த ஓடுபாதையும் இருந்தது. செவ்ரோலே நிறுவனப் பொறியியலாளர்கள் வெளியே தெரியாமல் உதவினர். 1965இல் செப்ரிங் 12 மணிநேரப் பந்தயத்தில், கொட்டும் மழைக்கு மத்தியில், இருவரும் தாமே காரை ஓட்டி வென்றனர்.

1966இல் வெளிவந்த 2ஈ கார் பார்வையாளர்களைத் திகைக்க வைத்தது. அதன் பின்புறத்தில் உயரமான தூண்களின் மேல் ஓர் இறக்கை நின்றது. விமானத்தின் இறக்கை மேலே தூக்கும். இது பின் சில்லுகளைத் தரையோடு அழுத்தியது. காரில் கிளட்ச் மிதி இல்லாததால் ஓட்டுநரின் இடது கால் ஓய்வாக இருந்தது. அந்தக் காலால் ஒரு மிதியை அழுத்தினால் இறக்கை தட்டையாகும். நேர்ப் பாதையில் காற்றின் தடை குறையும். இரண்டே ஆண்டுகளில் போர்முலா 1 கார்களிலும் இறக்கைகள் முளைத்தன.

1970இல் வந்த 2ஜே இன்னும் துணிச்சலானது. பனியில் ஓடும் வாகனங்களுக்கான சிறு இயந்திரமொன்று, பின்புறமிருந்த இரு விசிறிகளைச் சுழற்றி, காருக்கு அடியிலிருந்த காற்றை உறிஞ்சி வெளியேற்றியது. இதனால் கார் தரையோடு ஒட்டிக்கொண்டது. தகுதிச் சுற்றுகளில் ஏனையோரை இலகுவாக முந்தினாலும், இயந்திரக் கோளாறுகளால் அது ஒரு பந்தயத்தையேனும் வெல்லவில்லை. போட்டி அணிகள் முறையிட்டன. அவ்வாண்டின் முடிவில் விசிறி தடை செய்யப்பட்டது.

ஆயினும் ஷப்பரலின் கதை அத்துடன் முடியவில்லை. காரின் அடிப்பாக வடிவமைப்பாலேயே தரைப்பிடிப்பைப் பெற்ற 2கே கார், 1980இல் ஜொனி ரதர்போர்டுக்கு இண்டியானாபொலிஸ் 500 வெற்றியைத் தேடித் தந்தது. ஓட்டுநர் பின் இறக்கையைத் திறந்து காற்றுத் தடையைக் குறைக்கும் முறையைப் போர்முலா 1 அனுமதித்தது 2011இல்தான். ஜிம் ஹோலின் இடது கால் அதே வேலையைச் செய்து அப்போது 45 ஆண்டுகள் கடந்திருந்தன.