சம்பளம் கொடுத்தா ஆணி குறையுமா?

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி மக்களே, அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. சம்பளம் வாங்குற ஆணிக்கே இப்படிப் புலம்பறோம். சம்பளமே இல்லாம ஆணி புடுங்கறவங்க கதை ஒண்ணு சொல்றேன்.

1993-ல இயன் மர்டாக் ஆரம்பிச்ச டெபியன் லினக்ஸில், பொதிக்குப் பொதி ஒரு பொறுப்பாளர் உண்டு. எல்லாரும் தன்னார்வலர்கள். 'என் பொதி'ங்கற பாசம்தான் கூலி. அந்தப் பாசமே வினையாவும் ஆகும். கல்யாணம், குழந்தை, புது வேலைன்னு ஆள் காணாம போயிடுவார், பொதியை மட்டும் விடமாட்டார். வழுக்கள் குவியும். அதுக்காகவே சில ஏற்பாடுகள் வந்தன. முடியலைன்னா பொதியை 'அனாதை'ன்னு அறிவிச்சிடலாம் (பேரே அதுதாங்க, நான் வைக்கலை). அவசரம்னா வேற ஒருத்தர் திருத்தி ஏத்தலாம். காணாம போனவங்களைத் தேடிப்பிடிச்சு "இருக்கீங்களா?"ன்னு கேட்கவே ஒரு குழு இருக்கு.

அப்படியும் 2002 ஜூலையில் வந்த வுடிக்கு அடுத்து சார்ஜ் வர 2005 ஜூன் ஆயிடுச்சு. அடுத்த வெளியீடான எட்ச் இப்படி இழுக்கக்கூடாதுன்னு, 2006-ல அப்போதைய தலைவர் ஆண்டனி டவுன்ஸும் சிலரும் 'டங்க்-டேங்க்'னு தனியா ஒண்ணு தொடங்கினாங்க. நன்கொடை திரட்டி, வெளியீட்டு மேலாளர்கள் ரெண்டு பேருக்கு ஆளுக்கு ஒரு மாசம் சம்பளம், முழுநேர எட்ச் வேலை. நியாயமாத்தானே இருக்கு? வெடிச்சுது சண்டை! தலைவரை நீக்கணும்னு வாக்கெடுப்பு வரைக்கும் போச்சு (தோத்துடுச்சு). நல்லா உழைச்சுக்கிட்டிருந்த சிலர் ஒதுங்கிட்டாங்க. கல்யாண வீட்டுப் பந்தியில் பரிமாற வந்த சொந்தக்காரங்கள்ல ரெண்டு பேருக்கு மட்டும் கவர் கொடுத்தா, மத்தவங்க கரண்டியைக் கீழ வைப்பாங்களா மாட்டாங்களா? டிசம்பர் 4-க்குக் குறிச்ச எட்ச், 2007 ஏப்ரல் 8-லதான் வந்துது. தாமதத்துக்கு இது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்லலை. ஆனா காசு கொடுத்தும் சுமை குறையலை.

சரி, கேக்கறவங்க கையில் கொடுத்துடலாம்னா அதுலயும் பயம். எக்ஸ்இசட் பொதியைத் தனியாளாப் பார்த்துக்கிட்ட லாஸ்ஸே காலின், மனசு சரியில்லை, இது கூலியில்லாத பொழுதுபோக்கு வேலைன்னு 2022-லயே சொன்னார். உதவ வந்த 'ஜியா டான்' வச்ச கள்ளக்கதவு டெபியனின் சோதனைக் கிளை வரைக்கும் போயிடுச்சு. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் கண்டுபிடிச்சதால தப்பிச்சோம்.

நானும் ஒரு குட்டி எழுத்துரு மாற்றியைப் பார்த்துக்கறேன். தொட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. போன மாசம்தான் 'யாராவது எடுத்துக்கோங்க'ன்னு எழுதிப் போட்டேன். ஒருத்தர் கேட்டிருக்கார். யாருன்னே தெரியலை.