மீதமான பூச்சிமருந்தை எங்கே வைக்கிறீர்கள்? ஆய்வுகள் சொல்லும் பாடம்

நவரை நெல்லுக்கு மருந்தடித்த பிறகு பாட்டிலில் கால்வாசி மிஞ்சும். சோழவரம், பொன்னேரி பக்கத்து விவசாயிகளே, அதை எங்கே வைக்கிறீர்கள்? பல வீடுகளில் கூரை இறவாணத்தில் செருகியிருக்கும், இல்லையென்றால் அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடக்கும். பிள்ளைகள் கும்மிடிப்பூண்டிக்கு ஷிப்டு வேலைக்குப் போய்விட, வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இது பெரிய ஆபத்து.

கடன், குடும்பச் சண்டை, குடி என்று மனம் உடையும் நேரத்தில் மருந்து குடிப்பவர்களில் பலர் முன்கூட்டித் திட்டமிடுவதில்லை என்று மனநல ஆய்வுகள் சொல்கின்றன. அந்த வேகம் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். அப்போது கைக்கெட்டும் தூரத்தில் விஷம் இல்லாமலிருந்தால் உயிர் தப்பும்.

இதைச் சோதிக்க, சென்னையின் ஸ்நேகா அமைப்பை நிறுவிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் காட்டுமன்னார்கோயில் பகுதியில் நான்கு கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு கிராமங்களில் மருந்து வைக்கப் பொது அறை கட்டி, விவசாயிகளுக்குத் தனித்தனியாகப் பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள். அங்கே மருந்து குடித்த சம்பவங்கள் குறைந்தன. 2013-ல் முடிவு வெளியானது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் நம்பிக்கை தருகிறது.

இலங்கையில் 180 கிராமங்களில் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். பாதிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி. 2017-ல் வந்த முடிவில் பலன் தெரியவில்லை. பெட்டி வீட்டருகிலேயே இருந்து, சாவியும் ஆணியில் தொங்கினால் பூட்டு எதற்கு? அதே இலங்கையில் கொடிய மருந்துகளை 1995 முதல் தடை செய்த பிறகு, பத்தாண்டில் தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியானது. நெல் விளைச்சலும் அதனால் குறையவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான்: ஏக்கர் கணக்குப் பார்த்து அந்தத் தடவைக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள். லேபிளில் சிவப்பு முக்கோணம் இருந்தால், நீலமோ பச்சையோ உள்ள மாற்று மருந்து உண்டா என்று வேளாண் அலுவலரிடம் கேளுங்கள். மிஞ்சியதை வீட்டில் வைக்காதீர்கள். நாலைந்து பேர் சேர்ந்து, குடியிருப்பைவிட்டுத் தள்ளியுள்ள பம்ப்செட் அறையில் பூட்டி வைத்து, சாவியைப் பொறுப்பான ஒருவரிடம் கொடுக்கலாம். குளிர்பானப் பாட்டிலில் மாற்றி ஊற்றவே கூடாது, குழந்தைகள் குடித்துவிடும்.

யாராவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். மருந்து பட்ட துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே 108-ஐ அழையுங்கள். மருந்து பாட்டிலையும் லேபிளோடு எடுத்துப் போங்கள், எந்த மருந்து என்று தெரிந்தால் டாக்டர் சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்க முடியும்.

மனம் சரியில்லாமல் தவிப்பவர்கள், அவர்களுக்காகப் பேச நினைப்பவர்கள் 104 அல்லது 14416 எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள்.